கனடாவிலிருந்து மகள் வருகிறாள்

எங்கள் ஊரில் வாடகைக்கு இருப்பவர்களை வீட்டை விட்டு எழுப்புவதற்கு வீட்டுக்காரர்கள் சண்டை பிடிப்பதில்லை. நாங்கள் மரியாதையான ஆட்கள். "மகள் கனடாவில இருந்து வாறா, வீடு தேவைப்படுது" என்று சொல்வோம். மகள் இல்லாதவர்கள் மகனைச் சொல்வார்கள். பிள்ளையே இல்லாதவர்கள் தங்கச்சி குடும்பம் லண்டனிலிருந்து வருவதாகச் சொல்வார்கள். இப்படிச் சொல்லப்பட்ட எல்லாரும் உண்மையாகவே வந்து இறங்கியிருந்தால் திருகோணமலையில் கால் வைக்க இடம் இருந்திராது. இந்தப் பொய்யை நானும் ஒருமுறை சொன்னேன். சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நடந்ததுதான் சரியில்லை.

நான் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் இலிகிதராக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். வீடு துறைமுகத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. ஒரே மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன பிறகு, மேல்மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. அவளுடைய பழைய பாடப் புத்தகங்களும், கதவு மூடாத ஓர் அலுமாரியும், ஏராளமான பல்லிகளும் அங்கே குடியிருந்தன. பல்லிகள் வாடகை தருவதில்லை என்பது ஒரு நாள் எனக்கு உறைத்தது.

மேல்மாடியைத் தனிக் குசினியும் குளியலறையும் உள்ள ஓர் அனெக்ஸாகவும், கீழே பின்பக்கத்துச் சாமான் அறையை இன்னோர் அனெக்ஸாகவும் மாற்றுவதென்று முடிவு செய்தோம். கணவர் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிளான் கீறினார். முப்பது வருடம் கப்பல் சாமான்களை எண்ணியவர் என்பதால், ஒரு சாமானுக்குள் இன்னொரு சாமானை எப்படி நுழைப்பது என்பது அவருக்குத் தெரியும். மேல்மாடிக்குக் கீறிய குசினியில் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தால் அது படுக்கையறைக்குள் போய் நின்றது.

கிண்ணியாவிலிருந்து வந்த மேசன் அந்தத் தாளை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, இதுக்குள்ள ஆள் நிண்டா சட்டி நிக்க ஏலாது."

"வாடகைக்கு வாற ஆக்கள் என்ன கலியாண வீட்டுச் சமையலா சமைக்கப் போயினம்?" என்றேன்.

மேசன் அதற்குப் பிறகு யோசனை எதுவும் சொல்லவில்லை, ஒரு நாளைத் தவிர. குளியலறைத் தரை போட்டு முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் நிதானமாகத் திரும்பி அறைப் பக்கம் நடந்து வந்தது. "உடைச்சுத் திரும்பப் போடோணும்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. குளியலறை வாசலில் நான்கு விரல் உயரத்துக்குக் கட்டு ஒன்று கட்டச் சொன்னேன். அத்தோடு திருத்த வேலை பூர்த்தியானது. கேற்றில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கவிட்டேன்.

கீழ் அனெக்ஸுக்கு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல ஆட்கள். மேல்மாடிக்குத்தான் பெரிய நேர்முகத் தேர்வு நடத்தினேன். தனி ஆண்பிள்ளை வேண்டாம், குடிப்பான். தனிப் பெண்பிள்ளை வேண்டாம், ஆர் எவர் வந்துபோவது என்று நான்தான் யன்னலில் நிற்க வேண்டி வரும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் வேண்டாம், சுவரில் கீறும். பிள்ளை இல்லாத புதுத் தம்பதி வேண்டாம், சீக்கிரம் பிள்ளை பெறும். இந்தக் கணக்கில் பார்த்தால் என் வீட்டில் குடியிருக்கத் தகுதியானவர்கள் ஏற்கெனவே இருந்த பல்லிகள் மட்டுமே.

இரண்டு மாதம் அட்டை வெயிலில் வெளிறிய பிறகு தோப்பூரிலிருந்து ஒரு ரீச்சரும் அவருடைய உம்மாவும் வந்தார்கள். ரீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் படிப்பிக்க மாற்றம் கிடைத்திருந்தது. கணவர் கட்டாரில் வேலை. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அடிக்கடி வர வேண்டும். தினமும் தோப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவது இரண்டு பேருக்கும் ஏலாது.

முஸ்லிம் ஆட்களுக்குக் கொடுப்பதா என்று நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய். கடைசியில், "குசினியில மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டேன்.

ரீச்சர் குசினியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்ரி, இதுக்குள்ள முட்டை பொரிக்கிறதுக்கே வெளிய நிண்டுதான் பொரிக்கணும். மாட்டுக்கு எங்க இடம்?"

உம்மா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நான் அட்வான்ஸை வாங்கினேன்.

மூன்று வருடம் இருந்தார்கள். முதல் வருடத்தில் குளியலறைத் தண்ணீரைப் பற்றி ரீச்சர் நான்கு முறை சொன்னார். நான்கு முறையும், "திங்கக்கிழமை மேசனை வரச் சொல்லுறன் பிள்ளை" என்றேன். எந்தத் திங்கட்கிழமை என்று நான் சொல்லவில்லை. ரீச்சரும் கணக்குப் படிப்பிப்பவர், தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் இருப்பார்? ஒரு பள்ளி விடுமுறையில் தோப்பூரிலிருந்து மேசன் வேலை தெரிந்த அவருடைய சாச்சா சாந்தகப்பையோடு வந்து, தரையை உடைத்துச் சரிவு பார்த்துத் திரும்பப் போட்டார். அப்படியே குசினிச் சுவரில் தட்டுகள் அடித்தார். ஃபிரிட்ஜின் கதவை இடமிருந்து வலமாக மாற்றினார், அவ்வளவில் அது படுக்கையறைக்குள் போவதை நிறுத்திக்கொண்டது. கொசு வராமல் யன்னல்களுக்கு நுளம்பு வலை வந்தது. படியில் பூச்சட்டிகள் வந்தன. கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற மான்கள் கீழ்ப்படிச் செடிகளை ஒவ்வொரு கிழமையும் தின்றுவிட்டுப் போகும், ரீச்சர் சலிக்காமல் மறுபடி நடுவார்.

நான் இதற்கெல்லாம் அனுமதி கொடுத்தேன். என் பங்கு அது.

இரண்டாம் வருடம் எனக்குப் பிரஷர் ஏறிக் குசினியில் விழுந்துவிட்டேன். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ரீச்சர்தான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மகள் கனடாவிலிருந்து ரீச்சருடைய போனுக்குத்தான் எடுத்து எடுத்துக் கேட்டாள். ஒருவர் நம்பர் மற்றவரிடம் அதற்குப் பிறகும் இருந்தது. அதை நான் மறந்துபோனேன்.

மூன்றாம் வருடம் முன்வீட்டுக்காரர் தன் மேல்மாடியை வெள்ளைக்காரருக்கு விடத் தொடங்கினார். போனில் படம் போட்டால் போதும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் முதுகில் பையோடு வந்து நிற்கிறார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள். பிரஷர் ஏறினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டார்கள்தான், ஆனால் தரையை உடைப்பதைப் பற்றிக் கதைக்கவும் மாட்டார்கள். நான் ஒரு சாட்டு வைத்துக்கொண்டு மேலே போய், முதல்தரம் அந்த அனெக்ஸை ஓர் அந்நியக் கண்ணால் பார்த்தேன். வெளிச்சமும் காற்றும் வந்தன. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இவ்வளவு நல்ல வீட்டை இவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்துவிட்டேனே என்று எனக்கு நெஞ்சு பதைத்தது. அதை நல்ல வீடாக்கியது யார் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

கணவரிடம் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையை என்னெண்டு எழுப்புறது?" என்று கேட்டார்.

"மகள் வாறா எண்டு சொல்லுவம்."

"அவ வரேல்லையே."

"வாறா எண்டு சொல்லுறதுக்கு அவ வரோணுமே?"

"இஞ்சேரும், நீர் என்னத்தையும் சொல்லும். என்னைக் கேட்டா நான் பேசாமல் நிப்பன்" என்றார். சொன்னபடியே அடுத்த பத்து மாதமும் பேசாமல்தான் நின்றார். அவருடைய நேர்மை அந்தளவு தூரம் போகும்.

ரீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படியடியில் வைத்துச் சொன்னேன். குரலில் கொஞ்சம் தழுதழுப்பும் வைத்திருந்தேன்.

"மகள் குடும்பமா வாறா பிள்ளை. இனி இஞ்சதான் இருக்கப் போறாவாம். எனக்கும் வேற வழியில்லை."

ரீச்சர் தோளிலிருந்த பையைப் படியில் இறக்கி வைத்தார். பிறகு, "சந்தோசம் அன்ரி. எப்ப வாறா?" என்று கேட்டார்.

"வாற மாதம். இல்லாட்டி அதுக்கு அடுத்த மாதம்."

"பரவால்ல. நாங்க வேற இடம் பாக்கிறம்."

அழுகை, கெஞ்சல், ஆறு மாதத் தவணை எல்லாவற்றுக்கும் நான் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. மூன்று கிழமையில் வீடு கிடைத்துவிட்டது. போவதற்கு முன் ரீச்சர் சுவர்களுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தார். புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டார். "அக்கா வந்து பாக்கக்குள்ள வடிவா இருக்கணும்" என்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் திரைச்சீலை வெள்ளைக்காரருக்கும் பொருந்தும் நிறமாக இருந்ததையும் கவனித்தேன்.

உம்மா தோப்பூரில் தங்கள் வயலில் விளைந்த அரிசியில் ஒரு பை தந்தார். "மகள் வந்து முதல் சோறு இதில ஆக்குங்க தங்கச்சி. எத்தின வருசம் அந்த ஊர்க் குளிர்ல கிடந்த புள்ள" என்றார். பையைத் தந்துவிட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஒழுங்கை முழுக்க நடந்து ஒவ்வொரு வீட்டிலும் பயணம் சொன்னார். ரீச்சரும் கூடவே போனார். எல்லா வீட்டிலும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள்: "அன்ரிட மகள் கனடாவால ஒரேயடியா வாறா."

அடுத்த நாளிலிருந்து என்னால் வெளியே தலைகாட்ட ஏலாமல் போனது. மீன்காரர், "மகள் வந்திட்டாவா? நல்ல பாரை இருக்கு" என்றார். கோயிலில் ஐயர், "குழந்தையளின்ர பேரில அர்ச்சனை வைப்பமே?" என்றார். கடைக்காரர் கேட்டார், கீழ் அனெக்ஸ் தம்பதி கேட்டார்கள், ஒன்றுவிட்ட தம்பி கந்தளாயிலிருந்து போன் எடுத்துக் கேட்டான். விசா தாமதம் என்றேன். பிறகு பேரனுக்குக் காய்ச்சல், பேத்திக்குச் சின்னம்மை என்றேன். பிறகு மருமகனுக்கு லீவு இல்லை என்றேன். அந்தக் குடும்பத்துக்கு நான் அந்த இரண்டு மாதத்தில் வரவழைத்த வருத்தங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரியே தேவைப்பட்டிருக்கும்.

இதற்கிடையில் ஏசி பூட்டினேன், சுடுதண்ணி மெஷின் பூட்டினேன், படங்கள் எடுத்துப் போட்டேன். 'துறைமுகக் காட்சி' என்றும் போட்டேன். அது பொய்யில்லை. கூரைமேல் தண்ணித் தாங்கியில் ஏறி நுனிக்காலில் நின்றால் ஏதாவதொரு கப்பலின் புகைக்குழாய் தெரியும்.

முதலாவதாக ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்தது. முன்வீட்டுக்காரர் கேற்றடியிலேயே பிடித்துக்கொண்டார்.

"உங்கட மகள்ட அறையிலயா விட்டிருக்கிறியள்?"

"மகளின்ர சினேகிதர். கனடாவில ஒண்டா வேலை செய்யிறவை" என்றேன்.

அதற்குப் பிறகு ஜெர்மன்காரர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், ஒரு சீனப் பெண் வந்தாள். எல்லாரும் மகளுடைய சினேகிதர். பள்ளிக்கூடத்தில் பக்கத்துக் கதிரைக்காரியிடம்கூட வாய் திறக்காத என் மகளுக்கு இவ்வளவு சினேகிதர் எப்படிச் சேர்ந்தார்கள் என்று ஒழுங்கையே வியந்தது.

ஒரு நாள் கிளினிக் முடிந்து உம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். மகளைப் பார்க்க வந்தாராம். கையில் ஒரு பெட்டியில் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். அந்த நேரம் பார்த்து இடுப்பில் ஒரு துவாயும் கழுத்தில் ஒரு துவாயுமாக ஆறடி வெள்ளைக்காரன் ஒருவன் படியால் இறங்கி, சுடுதண்ணி வரவில்லை என்று கையால் காட்டினான்.

உம்மா பார்வையை மெல்ல நிலத்தில் இறக்கினார். "மருமகனா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லை, மருமகனின்ர சினேகிதர்."

"மகள் எங்க?"

"கொழும்புக்குப் போட்டா. ஒரு அலுவல்."

உம்மா அந்தத் துவாய்க்காரனிடம் நிலத்தைப் பார்த்தபடியே, "சாப்பிட்டீங்களா மகன்?" என்று கேட்டுவிட்டு, தொதல் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். அவன் அதை அப்போதே திறந்து, நின்ற இடத்திலேயே பாதியைத் தின்றான். கணவர் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார்.

வெள்ளைக்காரர் நான் நினைத்ததுபோல வாய் இல்லாதவர்கள் அல்ல. முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, ஊருக்குப் போய் எழுதினார்கள். கணவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்து வாசிப்பார். அதற்கு மட்டும் வாய் திறந்தார். "வீட்டுக்கார அம்மா மிகவும் அன்பானவர். துறைமுகத்தைக் காணவில்லை" என்று ஒருவர். "கப்பல் ஊதியது, கோயில் மணி அடித்தது, பள்ளிவாசலில் ஓதினார்கள், படியில் மான் படுத்திருந்தது, தூங்கவில்லை" என்று இன்னொருவர். மானைப் பற்றிப் பாராட்டாகத்தான் எழுதினார் என்று கணவர் வாதாடினார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கடற்கரைப் பக்கம் வெறிச்சோடியது. மூன்று மாதம் ஒரு குருவியும் வரவில்லை. பூட்டிக் கிடந்த அறைகளில் ஏசிக்குப் பக்கத்துச் சுவர் பச்சை பிடித்தது. நான் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனேன்.

கடற்கரைப் பக்கமாக ஒரு சின்ன வீடு. நிமிர்ந்து நின்று சமைக்கக்கூடிய குசினி. உம்மா தொழுதுகொண்டிருந்தார். ரீச்சர் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். நான் கதையைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனேன். மகளுக்கு இந்த ஊர் வெக்கை ஒத்துவரவில்லை, திரும்பிப் போய்விட்டாள், வீடு சும்மா கிடக்கிறது, உங்களைப் போல ஆட்கள் கிடைக்கமாட்டார்கள் என்றேன்.

ரீச்சர் எல்லாவற்றையும், பிழையான விடையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துப் பார்க்கிறவர்போலக் கேட்டார்.

"அன்ரி, நீங்க படியடியில சொன்ன அண்டைக்கே நான் அக்காவுக்கு மெசேஜ் போட்டனான். திரைச்சீலைக்கு என்ன கலர் விருப்பம் எண்டு கேட்டு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவ, நான் வரேல்லையே, ஆர் சொன்னது எண்டு கேட்டா. பிறகு விளங்கிற்று. பாவம், அவதான் அழுதா. அம்மாவோட கதைக்கிறன், நீங்க எழும்ப வேணாம் எண்டா. நான்தான் கதைக்க வேணாம் எண்டு சொன்னனான். உங்களுக்கு நாங்க வேணாமெண்டா பிறகென்ன?"

"தெரிஞ்சுகொண்டே பெயின்ற் அடிச்சனீங்களோ?"

"ஓம். பெயின்ற் அடிச்சன், திரைச்சீலை போட்டன், ஒழுங்கை முழுக்கச் சொன்னன். வேற ஆருக்கும் குடுக்கக்குள்ள உங்களுக்குக் கொஞ்சமாவது கஷ்டமா இருக்கட்டும் எண்டு. நான் ஒண்டும் நல்லவ இல்ல அன்ரி." உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா உம்மாவுக்குச் சொல்லேல்ல. அவ அந்த அரிசியை உண்மையாத்தான் தந்தவ. நீங்களும் சொல்லாதீங்க."

அந்த அரிசியை நாங்கள் ஒரு மாதம் சாப்பிட்டோம். நல்ல அரிசி. எனக்கு இருந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. உம்மா தொழுது முடித்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மகள் சுகமா?" என்றார். "சுகம்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். ஊராருக்கு முன்னால் பெற்ற தாயை இப்படி நிற்க விடலாமா என்று கேட்டேன்.

"அம்மா, நான் வாறன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள். பிறகு கேட்டாள்: "ஏழு வருசத்தில ஒருக்காவாவது, வா பிள்ளை எண்டு எனக்குச் சொன்னனீங்களா? அந்த ரீச்சருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கலாம்."

கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை என்னிடமிருந்து வாங்கி, "வா பிள்ளை" என்று இரண்டே சொல் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார்.

அடுத்த ஆவணியில் அவள் வந்தேவிட்டாள், கணவனும் இரண்டு பிள்ளைகளுமாக. நான் பச்சை பிடித்த சுவரைச் சுரண்டிப் பெயின்ற் அடித்து, கட்டிலை மாற்றி, ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். முதல் நாள் மத்தியானம் மேல்மாடியைப் பார்த்தார்கள். பேரன் ஃபிரிட்ஜைத் திறந்தான், பேத்தி படியில் நின்ற மானுக்கு பிஸ்கட் கொடுத்தாள். பின்னேரம் ஆனதும் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, பிள்ளையளுக்கு நீச்சல் குளம் வேணுமாம். உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் புக் பண்ணியிருக்கிறம். பகல்ல இஞ்ச வருவம்." வான் அவர்களை ஏற்றிக்கொண்டு போனதை ஒழுங்கை முழுக்க வாசலில் நின்று பார்த்தது. முன்வீட்டுக்காரர், "மகளும் மகளின்ர சினேகிதர் மாதிரியே வெளிக்கிட்டிட்டா" என்றார்.

போவதற்கு முந்தின நாள் மகள் ரீச்சர் வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். உம்மா அவளைக் கட்டிப்பிடித்து, தலையைத் தடவி, என்னைப் பார்த்து, "எத்தின நாள் பாத்துக்கொண்டிருந்தீங்க தங்கச்சி, அல்லா திரும்பவும் கொண்டுவந்து சேர்த்திட்டான்" என்று கண்ணைத் துடைத்தார். ரீச்சர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி கரைந்து வெகு நேரம் ஆகியிருக்கும். மகள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

மேல்மாடியில் இப்போது வங்கியில் வேலை செய்கிற இரண்டு பெடியன்கள் இருக்கிறார்கள். விடிய வேலைக்குப் போகிறார்கள், பொழுதுபட வருகிறார்கள். வாடகை முதலாம் திகதி போனிலேயே வந்து விழுந்துவிடுகிறது. எதையும் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பதில்லை, எதையும் தாங்களாகத் திருத்துவதும் இல்லை. படியில் கண்டால் தலையை ஆட்டுவார்கள். ஒரு வருடமாகியும் எனக்கு ஒருவனுடைய ஊர் மட்டும்தான் தெரியும். மற்றவனைப் பற்றிக் கணவரிடம் கேட்டேன். அவரும் இன்னும் கேட்கவில்லையாம்.